லிங்க்ட்இனில் யார் பேச வேண்டும்: கம்பெனிப் பக்கமா, முதலாளியா, ஏஜென்சியா?

திருப்பூரிலிருந்து பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நடுத்தர அளவு யூனிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நூறு, நூற்றைம்பது தையல் மெஷின். ஆடை வாங்கும் வெளிநாட்டு பையர்கள் இரண்டு மூன்று பேர், நடுவில் நின்று ஆர்டர் பிடித்துத் தரும் ஒரு பையிங் ஹவுஸ், ஆர்டரைக் கவனித்துப் பையரோடு பேசும் நாலைந்து மெர்ச்சண்டைசர்கள். விளம்பரத்துக்கென்று தனி ஆள் கிடையாது. லிங்க்ட்இனில் நம்மைத் தெரியப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்கலாம், அதற்கு மேல் முடியாது. அந்த நேரத்தை எதில் போடுவது? கம்பெனிப் பக்கத்திலா, முதலாளியின் சொந்தக் கணக்கிலா? ஏஜென்சியிடம் மொத்தமாகக் கொடுத்துவிடலாமா? நேராக விளம்பரத்துக்கே பணம் கட்டிவிடலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அளவுத் தொழிலுக்கு முதலாளியின் சொந்தக் கணக்குதான் முதல் இடம். அவருடைய மகனோ மகளோ தொழிலுக்கு வந்திருந்தால் அவர்களுடைய கணக்காகவும் இருக்கலாம். மற்றதெல்லாம் அதற்குத் துணை. சில சூழல்களில் இந்தப் பதில் மாறும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கேள்வி இப்போது அவசரமாகியிருப்பதற்குக் காரணம் உண்டு. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதத்துக்கு ஏறியபோது, அமெரிக்க ஆர்டரை மட்டும் நம்பியிருந்த யூனிட்டுகள் வேறு நாட்டில் பையர் தேட வேண்டிய நிலைக்கு வந்தன. பல வருடம் நல்ல தரத்தில் தைத்துக் கொடுத்தவர்களுக்குக்கூட வெளியே பெயர் இல்லை. பையிங் ஹவுஸுக்கு அவர்களைத் தெரியும், பின்னால் இருக்கும் பிராண்டுக்குத் தெரியாது. ஆர்டர் குறைந்த மாதத்தில் அவசரமாகக் கணக்கைத் திறந்து நாலு படம் போட்டால் அந்த இடைவெளி அடைபடாது. அறிமுகம் என்பது ஆர்டர் நிறைய இருக்கும்போதே சேர்த்து வைக்க வேண்டியது.

கம்பெனிப் பக்கம்

பெரும்பாலோர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். லோகோ, ஃபேக்டரி முகப்புப் படம், 'எங்களைப் பற்றி' என்று நாலு வரி. பிறகு பொங்கல் வாழ்த்து, மகளிர் தின வாழ்த்து, ஆயுத பூஜைப் படம். பின்தொடர்பவர்களில் பாதிப் பேர் நம் ஊழியர்களும் சொந்தக்காரர்களும். மீதி, மெஷின் விற்பவர்களும் வேலை தேடுபவர்களும்.

குறை அவர்களுடைய முயற்சியில் இல்லை. 2003இல் வந்த இந்தத் தளம் தனி மனிதர்களின் சுயவிவரங்களை வைத்துக் கட்டப்பட்டது. கம்பெனிப் பக்கம் பிறகுதான் வந்து சேர்ந்தது. ஒரு பக்கத்தால் ஹாம்பர்க்கில் ஒரு பிராண்டுக்காகத் தயாரிப்பாளர்களைத் தேடும் சோர்சிங் மேனேஜருக்கு நட்பு அழைப்பு அனுப்ப முடியாது. அவருக்கு முதலில் செய்தி அனுப்பவும் முடியாது. அவர் அனுப்பினால் பதில் சொல்லலாம், அவ்வளவுதான். புது பையர் தேடும் ஒருவருக்கு இது பெரிய தடை. நாம் போய்க் கதவைத் தட்ட வேண்டிய வேலை இது. பக்கமோ இருந்த இடத்தில் காத்திருக்கத்தான் முடியும்.

அதற்காகப் பக்கமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முதலாளியின் பதிவை ஒரு பையர் படித்தால் அடுத்து அவர் செய்வது கம்பெனி உண்மையானதா என்று பார்ப்பது. அப்போது அங்கே சரியான முகவரி, தொடங்கிய வருடம், என்ன தயாரிக்கிறீர்கள், நிட்டிங்கும் சாயமும் உங்களிடமே இருக்கிறதா, வெளியே ஜாப் ஒர்க் கொடுக்கிறீர்களா, என்ன சான்றிதழ்கள் இருக்கின்றன என்பதெல்லாம் இருக்க வேண்டும். இதை ஒரு முறை உட்கார்ந்து ஒழுங்காகச் செய்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை சரிபார்த்தால் போதும். இன்னொன்று, பக்கத்தின் நிர்வாக உரிமை ஒரே ஒரு ஊழியரிடம் இருக்கக் கூடாது. அவர் வேலையை விட்டுப் போனால் பக்கத்தை மீட்பது பெரிய அலைச்சல். முதலாளியும் இன்னொருவரும் நிர்வாகிகளாக இருப்பது நல்லது.

சொந்தக் கணக்கு

இங்கேதான் அதிக நேரம் போட வேண்டும், ஆகவே கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன்.

பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்துகள் இடம் உண்டு. நம் ஆட்களில் பெரும்பாலோர் அதில் 'மேனேஜிங் டைரக்டர்' என்றும் கம்பெனி பெயரையும் போட்டு முடித்துவிடுகிறார்கள். பையருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது. 'ஐரோப்பிய பிராண்டுகளுக்குக் குழந்தைகளுக்கான ஆர்கானிக் பருத்திப் பின்னலாடை. சின்ன அளவு ஆர்டரும் எடுக்கிறோம். திருப்பூர், இந்தியா' என்கிற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால், நீங்கள் யாருக்கு உதவக்கூடியவர் என்பது அந்த ஒரு வரியிலேயே புரிந்துவிடும். நீங்கள் எங்காவது கருத்து எழுதினாலும், அழைப்பு அனுப்பினாலும், உங்கள் பெயரோடு கூடவே போவது இந்த வரிதான்.

அடுத்தது என்ன எழுதுவது என்பது. கண்காட்சியில் ஸ்டால் போட்டோம், விருது வாங்கினோம், புது மெஷின் வந்தது என்ற பதிவுகளுக்குத் திருப்பூர்க்காரர்களிடமிருந்து நூறு லைக் வரும். மனதுக்கு நிறைவாக இருக்கும், அதில் தவறில்லை. ஆனால் சோர்சிங் மேனேஜருக்கு அதில் ஒரு பயனும் இல்லை. அவருக்கு இருக்கும் கவலை வேறு. சரக்கு தேதிக்கு வருமா, முதல் லாட்டும் கடைசி லாட்டும் ஒரே ஷேடில் இருக்குமா, கடைக்குப் போன பிறகு வாடிக்கையாளர் திருப்பி அனுப்பாமல் இருப்பாரா? நம் தொழிலின் மதிப்பு என்பது இந்தக் கவலைகளில் எதை நாம் தீர்க்கிறோம் என்பதில் இருக்கிறது. அதைச் சொல்லும் பதிவுதான் வேலை செய்யும்.

ஓர் உதாரணம். சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட்டைச் சில தடவை துவைத்ததும் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்துவிடும். ஸ்பைராலிட்டி என்று எல்லா மெர்ச்சண்டைசருக்கும் தெரிந்த பிரச்சினை. நூலில் தங்கியிருக்கும் முறுக்கு, வட்ட நிட்டிங் மெஷினில் நூல் ஊட்டும் ஃபீடர்களின் எண்ணிக்கை, துணியை எப்படி ஃபினிஷ் செய்தோம் என்று பல காரணங்கள் உண்டு. நூல் வாங்கும்போதே முறுக்கைக் குறைத்துக் கேட்பது, துணியை முன்கூட்டியே சுருக்கி வைக்கும் காம்பாக்டிங்கில் கவனமாக இருப்பது, கட்டிங்குக்கு முன்பே துவைத்துப் பார்த்து அளப்பது என்று உங்கள் யூனிட்டில் ஒரு வழக்கம் இருக்கும். அதைத் துவைக்கும் முன், துவைத்த பின் என்று இரண்டு படங்களோடு பத்து வரியில் எழுதுங்கள். படத்தில் ஒரு அளவுகோல் தெரியட்டும். இந்தப் பதிவுக்கு முப்பது லைக்தான் வரலாம். ஆனால் அந்த முப்பதில், இந்தப் பிரச்சினையால் போன சீசனில் அடிபட்ட ஒரு பையர் இருந்தால் அவர் உங்கள் பெயரை மறக்க மாட்டார்.

இப்படி எழுத நம்மிடம் விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று (ஜிஎஸ்எம்) பார்க்க, கட்டரில் வெட்டிய வட்டத் துணியை எடை போடுவது, சுருக்கம் 5 சதவீதத்துக்குள் நிற்க என்ன செய்கிறோம், லேப் டிப்பில், அதாவது ஆய்வகத்தில் சாயமேற்றிய சிறு துண்டில், ஒத்து வந்த ஷேட் மொத்தச் சரக்கில் ஏன் மாறுகிறது, எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்று வரம்பு வைத்துச் செய்யும் ஏக்யூஎல் 2.5 இன்ஸ்பெக்‌ஷனில் பெட்டிகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள். நமக்குத் தினசரி வேலையாகத் தெரிவது, ஆம்ஸ்டர்டாமில் புதிதாகச் சோர்சிங்குக்கு வந்த இளைஞருக்குப் பாடம். நமக்கு இது சாதாரணம் என்பதாலேயே சொல்லாமல் விட்டுவிடுகிறோம். இதில் எனக்கு உண்மையான ஆதங்கம் உண்டு.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றையும் நம் ஊர் சரியாகச் சொன்னதில்லை. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடர்ந்த வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு கழிவுநீரை வெளியே விடாமல், சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறினால்தான் இயங்க முடியும் என்று ஆனது. எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்ஓ) நிலையங்கள், ஆவியாக்கும் கருவிகள், மிஞ்சும் உப்பு என்று அதற்கு ஆகும் செலவு ஒவ்வொரு கிலோ துணியின் விலையிலும் இருக்கிறது. வங்கதேச விலையோடு நம் விலையை ஒப்பிடும் பையருக்கு இது தெரிய வேண்டாமா? ஆற்றைக் கெடுத்தது நம் தொழில்தான் என்பதையும், அதற்கு விவசாயிகள் கொடுத்த விலையையும் மறைக்காமல், இன்று உங்கள் துணிக்குச் சாயம் ஏற்றும் பட்டறை தண்ணீரை என்ன செய்கிறது என்பதை நேர்மையாக எழுதினால், 'நாங்கள் சுற்றுச்சூழல் நண்பர்கள்' என்ற வாசகத்தைவிட அது எவ்வளவோ மேல்.

சட்டப்படியும் அந்த மாதிரி வாசகங்களுக்கு இனி இடம் குறைவு. ஆதாரமில்லாமல் 'சூழலுக்கு உகந்தது' போன்ற பொத்தாம்பொதுவான வார்த்தைகளை நுகர்வோரிடம் பயன்படுத்துவதைத் தடுக்கும் ஐரோப்பிய ஒன்றிய விதி 2024இல் நிறைவேறியது. 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறை. பொறுப்பு முதலில் அங்கே விற்கும் பிராண்டுக்குத்தான். ஆனால் அந்த பிராண்டு ஆதாரம் கேட்டு வரும் இடம் நாம். ஆகவே சான்றிதழைப் பற்றி எழுதினால் எந்தச் சான்று, எந்தப் பொருளுக்கு, எந்தத் தேதி வரை என்று எழுதுங்கள். ஆர்கானிக் ஜவுளிக்கான காட்ஸ் (GOTS) சான்றிலேயே 95 சதவீதம் ஆர்கானிக் நார் உள்ளதற்கு ஒரு தரம், 70 சதவீதத்துக்கு இன்னொரு தரம். இரண்டையும் ஒன்றாகச் சொல்லக் கூடாது. பையர் பொதுத் தரவுத்தளத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பார்ப்பார், அங்கே கிடைப்பதும் நீங்கள் எழுதியதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சொந்தக் கணக்கில் ஒரு ஆபத்தும் உண்டு. உற்சாகத்தில் செக்கிங் டேபிளைப் படமெடுத்துப் போட்டுவிடுவோம். பின்னால் அடுத்த சீசன் பிரிண்ட்டும், பிராண்டு லேபிளும், பெட்டியில் ஸ்டைல் நம்பரும் தெளிவாகத் தெரியும். ரகசிய ஒப்பந்தத்தை மீறியதாக ஒரு மின்னஞ்சல் வந்தால் பல வருட உறவு போய்விடும். படமெடுக்கவென்றே பிராண்டு பெயர் இல்லாத சாம்பிள் துணி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

எழுதுவதைவிட முக்கியமாக நான் நினைப்பது, மற்றவர் பதிவில் போய்ப் பேசுவது. ஒரு பிராண்டின் தரக் கட்டுப்பாட்டு மேலாளர், துணியில் நூல் உருண்டு சின்னச் சின்ன உருண்டைகளாகும் பில்லிங் (pilling) பற்றி எழுதியிருக்கிறார் என்றால், அதன் கீழே உங்கள் அனுபவத்தை மூன்று வரியில் சொல்லுங்கள். 'அருமையான பதிவு' என்று போடுவதில் பயனில்லை, விலைப்பட்டியலை ஒட்டுவது அதைவிட மோசம். இப்படி ஓரிரு முறை பேசிய பிறகு அழைப்பு அனுப்பினால், அவருக்கு நீங்கள் தெரிந்த ஆள்.

ஏஜென்சி

ஏஜென்சி என்றால் மாதத்துக்கு இத்தனை பதிவு, இத்தனை ரூபாய் என்று பேசி முடித்துவிடலாம், தலைவலி இல்லை. ஆனால் ஸ்பைராலிட்டி என்றால் என்னவென்று தெரியாதவர் உங்கள் தரத்தைப் பற்றி எப்படி எழுதுவார்? 'தரத்தில் சமரசம் இல்லை' என்று எழுதுவார். அதே வாசகத்தை அடுத்த தெருவில் இருக்கும் கம்பெனிக்கும் எழுதிக் கொடுப்பார். அவர் மேல் தப்பில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கடவுச்சொல்லை ஏஜென்சியிடம் கொடுத்து முதலாளியின் பெயரில் பதிவு போடச் சொல்வதும் பரவலாக நடக்கிறது. லிங்க்ட்இன் விதிப்படி ஒருவரின் கணக்கை இன்னொருவருடன் பகிரக் கூடாது, தானாக அழைப்பு அனுப்பும் மென்பொருள்களுக்கும் அனுமதியில்லை. கணக்கு முடக்கப்பட்டால் சேர்த்த தொடர்புகள் எல்லாம் போய்விடும். விதியை விடுங்கள், பையர் அனுப்பிய செய்திக்கு ஏஜென்சிப் பையன் பதில் சொல்வது எவ்வளவு பெரிய ஆபத்து! ஆர்டர் போட்டால் எத்தனை நாளில் சரக்கு வரும் (லீட் டைம்) என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

ஏஜென்சிக்குக் கொடுக்கக்கூடிய வேலைகளும் இருக்கின்றன. நல்ல புகைப்படம், ஃபேக்டரியைச் சுற்றிக் காட்டும் சின்ன வீடியோ, நீங்கள் சொன்ன விஷயத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டும்படி பிடிஎஃப்பாக வடிவமைப்பது. இதில் அவர்கள் நம்மைவிடத் தேர்ந்தவர்கள், காசு கொடுத்துச் செய்யலாம்.

ஏஐ கருவிகளும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். தமிழிலோ தங்கிலீஷிலோ நீங்கள் சொன்னதை நல்ல ஆங்கிலமாக்கித் தர அது உதவும். வெறுமனே 'பின்னலாடை பற்றி ஒரு பதிவு எழுது' என்றால் ஊரில் எல்லோரும் போடும் அதே பதிவு வரும். துவைத்து அளந்த எண்ணும், லாட்டில் நடந்த சிக்கலும் உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.

விளம்பரம்

நாடு, துறை, பதவி என்று தேர்ந்தெடுத்துக் காட்டலாம் என்பது இதன் பலம். நெதர்லாந்தில் ஆடைத் துறையில் சோர்சிங் பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று சொல்லலாம். ஆனால் குறைந்தது 300 பேராவது அந்த வட்டத்தில் இருந்தால்தான் விளம்பரம் ஓடும், நம் மாதிரி குறுகிய துறைக்கு அதுவே சில நாடுகளில் சிக்கலாகலாம். செலவும் டாலர் கணக்கில் ஏறும். விளம்பரத்தைப் பார்த்து உங்கள் கணக்குக்கு வருபவர் அங்கே காலியாக இருப்பதைப் பார்த்தால் திரும்பிப் போய்விடுவார். ஆகவே ஆறு மாதமாவது ஒழுங்காக எழுதிய பிறகு, வெளிநாட்டுக் கண்காட்சியில் ஸ்டால் போடும் வாரங்களில் மட்டும், ஸ்டால் எண்ணோடு ஒரு சிறு விளம்பரம் என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற நாட்களில் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்றும் கேட்பார்கள். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரைதான், அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும். இருக்கும் பையரோடு பேச அருமையான வழி. புதியவரை அடைய அல்ல.

யாரும் கேட்காத ஐந்தாவது வழி

மெர்ச்சண்டைசர்கள். பையரோடு தினமும் பேசுவது அவர்கள், ஆடையின் அளவும் விவரமும் அடங்கிய டெக் பேக்கை வரிக்கு வரி படிப்பது அவர்கள், அளவு பார்க்க அனுப்பும் ஃபிட் சாம்பிள் ஏன் நிராகரிக்கப்பட்டது என்று தெரிந்தவர்களும் அவர்கள்தான். ஆங்கிலமும் கைவசம் இருக்கும். ஆனாலும் பல முதலாளிகள் அவர்கள் லிங்க்ட்இனில் எழுதுவதை விரும்புவதில்லை. பெயர் தெரிந்தால் வேறு கம்பெனிக்காரர் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்ற பயம்.

பயத்தில் நியாயம் இருக்கிறது, அவர்கள் கணக்கு அவர்களுடையது, போனால் தொடர்புகளும் கூடவே போகும். ஆனால் எழுதாமல் தடுத்தாலும் போக நினைப்பவர் போகத்தான் போகிறார். எழுத விட்டால், நம் கம்பெனியில் விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது வெளியே தெரியும், புதிதாக வேலைக்கு வருபவர்களின் தரமும் கூடும். எதைப் படமெடுக்கலாம், எந்த பிராண்டு பெயரைச் சொல்லக் கூடாது, விலையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு அனுமதிப்பதே சரி என்பது என் கருத்து. கட்டாயப்படுத்தி எழுத வைப்பது மட்டும் வேண்டாம்.

முதலாளிக்கு எழுத வரவே வராது என்றால் இந்த வழி முதல் இடத்துக்கு வந்துவிடும். பலருக்குப் பேச நன்றாக வரும், உட்கார்ந்து எழுதத்தான் வராது. அவர் போனில் ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்து கொடுக்கட்டும், மெர்ச்சண்டைசரோ மகளோ அதை எழுத்தாக்கட்டும், அவர் ஒரு முறை படித்துத் திருத்திவிட்டுத் தன் கையால் போடட்டும்.

எவ்வளவு நாள் பார்ப்பது என்றால், வாரத்துக்கு ஒரு பதிவு, நாலைந்து நல்ல கருத்துகள் என்று ஆறு மாதம். லைக்கை எண்ண வேண்டாம். உங்கள் கணக்கை வந்து பார்த்தவர்களில் எந்த நாட்டுக்காரர், எந்தப் பதவிக்காரர் கூடியிருக்கிறார் என்று பாருங்கள். முதல் மீட்டிங்கில் ஒரு பையர் 'நீங்கள் எழுதியதைப் படித்தேன்' என்று தொடங்கினால் அதைக் குறித்து வையுங்கள்.

பதில் மாறும் இடங்கள்

சொந்த பிராண்டில் உள்நாட்டுச் சில்லறை விற்பனை செய்பவர்களுக்கு லிங்க்ட்இன் இரண்டாம்பட்சம்தான், அவர்கள் வாடிக்கையாளர் இன்ஸ்டாகிராமில் இருக்கிறார். ஆயிரக்கணக்கில் ஆள் வைத்து நடத்தும் பெரிய குழுமங்களுக்குக் கம்பெனிப் பக்கம் உண்மையாகவே பயன்படும், வேலைக்கு ஆள் எடுக்கவும், முதலீட்டாளர்களிடம் பேசவும்.

சாயம், பிரிண்டிங் போன்ற ஜாப் ஒர்க் யூனிட்டுகள், 'எங்கள் கஸ்டமர் எல்லாம் இதே ஊரில் இருக்கிறார், எங்களுக்கு எதற்கு லிங்க்ட்இன்' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் மாற்றுக் கருத்து. எந்தப் பட்டறையில் சாயம் போட வேண்டும் என்று பெரிய ஐரோப்பிய பிராண்டுகள் இப்போது தாங்களே குறிப்பிட்டுச் சொல்வது உண்டு. ஆபத்தான ரசாயனங்களை ஒழிக்க பிராண்டுகள் சேர்ந்து நடத்தும் இசட்டிஹெச்சி (ZDHC) அமைப்பின் தடைப் பட்டியலை மீறாத ரசாயனம்தானா, கழிவுநீர்ப் பரிசோதனை அறிக்கை எங்கே என்று கேட்பவர் கார்மென்ட் கம்பெனி முதலாளி அல்ல, பிராண்டின் ரசாயன மேலாண்மை அதிகாரி. அவருக்குத் திருப்பூரில் எந்தப் பட்டறை ஒழுங்காக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆள் வேண்டும். சாயப்பட்டறை நடத்துபவர் தன் தண்ணீர்க் கணக்கை மாதம் ஒரு முறை எழுதினால், அதைப் படிக்க அந்த அதிகாரி அங்கே இருக்கிறார்.